துணி காய்ந்த தோப்பு

ஜெர்மனியில் நான் பார்த்த உத்தியோகம் மரத்தை அடிப்பது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அதில் நான் கெட்டிக்காரி.

ஒரு முழ நீளத்தில் ஒரு கம்பு. பட்டை காயப்படக் கூடாது என்பதற்காக அதன் நுனியில் ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். இடது கையில் துணியால் தைத்த பெரிய புனல், அதன் அடியில் ஒரு கண்ணாடிச் சீசா. ஆப்பிள் கிளைக்குக் கீழே புனலைப் பிடித்துக்கொண்டு நறுக்கென்று மூன்று அடி அடிக்க வேண்டும். நாலாவது அடி விழுந்தால் கணக்கு கெட்டுவிடும். ஒரு மரத்தில் ஒரு கிளை, பிறகு அடுத்த மரம், இப்படித் தோப்பின் குறுக்கும் நெடுக்கும் நடந்து அடித்துவிட்டு, சீசாவை மூடிக் கொண்டுவந்து, விழுந்தது என்னென்ன, எத்தனை என்று உருப்பெருக்கியில் பார்த்து எழுத வேண்டும். அதை வைத்துத்தான் அந்தத் தோப்புக்கு மருந்தடிப்பதா வேண்டாமா என்று நிலையத்தில் முடிவு செய்வார்கள்.

"எம்.எஸ்ஸி. படித்து மூன்று வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவள் கப்பலேறிப் போய் மரத்தை அடிக்கிறாளா?" என்று நாகர்கோவிலிலிருந்து அப்பா எழுதினார். நான் பதில் எழுதினேன்: "ஆமாம் அப்பா. இங்கே யாரும் என்னைப் போல அடிப்பதில்லை."

அறுபதுகளின் பிற்பகுதி அது. என் கணவர் ஹாம்பர்க்கில் வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். பழத்தோலில் பூச்சிமருந்து எவ்வளவு தங்குகிறது என்று அளப்பது அவர் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதம் பார்த்தேன். அதற்கு மேல் அந்த ஜன்னலுக்கே என்னைப் பார்த்துச் சலித்திருக்கும். எல்பே ஆற்றின் அக்கரையில் ஆல்டெஸ் லாண்ட் என்று ஒரு பகுதி, கண்ணுக்கெட்டிய தூரம் ஆப்பிள் தோப்பு. அங்கே விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் சிறிய நிலையம் ஒன்றில் ஆள் தேவை என்று கணவர்தான் கேட்டுவந்து சொன்னார். நிலையத்தின் தலைவர் உருப்பெருக்கியில் எதையோ வைத்துவிட்டு, "என்ன தெரிகிறது, வரையுங்கள்" என்றார். எட்டுக் கால், ஒவ்வொரு காலிலும் உள்ள மயிர், முதுகில் உள்ள மேடு எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தேன். என் ஜெர்மன் அப்போது கொச்சையிலும் கொச்சை. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

முதல் வாரமே சேலையை மடித்து வைத்துவிட்டுக் கால்சட்டைக்கு மாறினேன். முந்தானை கிளையில் சிக்கினால் அதற்கும் சேர்த்து அல்லவா பூச்சி விழும்? ஆப்பிள் மரத்தை நான் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒரே வருடத்தில் அதன் சீக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. இலையில் கரும்பச்சையாகப் புகை படிந்தது போல் வந்து, பழத்தில் வெடிப்பு விட்டால் அது சொறி. மழை விடாமல் பெய்து இலை நாள் முழுக்க நனைந்து கிடந்தால் அது வந்தே தீரும். தளிர் மாவில் புரட்டி எடுத்தது போல் வெளுத்திருந்தால் சாம்பல் நோய், அந்தத் தளிரை ஒடித்து எடுத்துவிட வேண்டும். பட்டையில் பஞ்சு ஒட்டியிருந்து, நசுக்கினால் விரல் சிவந்தால் அது அசுவினியில் ஒரு சாதி. பழத்தோலில் பழுப்புக் குழி குழியாக இருந்து உள்ளே கசந்தால் அது நோயே இல்லை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதைப் பூச்சி என்று நினைத்து இரண்டு முறை மருந்தடித்த மகானுபாவர்கள் அங்கே உண்டு. "எந்தப் பூச்சியைக் கொன்றீர்கள், எனக்கும் காட்டுங்களேன்" என்று ஒருவரைக் கேட்டுவிட்டேன். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாயைக் கொஞ்சம் அடக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரொட்டி சுற்றும் காகிதத்தில் இலைகளை மடித்து எடுத்து வந்து மேஜையில் வைத்தார். இலை பச்சையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தது.

"மூன்றாவது வருடம்" என்றார். "வருடத்துக்கு வருடம் மருந்து கூட்டித்தான் அடிக்கிறோம். இலை இப்படி ஆகிவிடுகிறது. பழம் வால்நட் அளவில் நின்றுவிடுகிறது."

உருப்பெருக்கியில் வைத்தேன். சிவப்புச் சிலந்தி. சிலந்தி என்றால் வலை பின்னும் பெரிய பூச்சி என்று நினைக்க வேண்டாம். ஊசிமுனை அளவுதான். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஓர் இலையில் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் சட்டைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். அச்சடித்த விண்ணப்பம். அந்த நாட்களில் ஆப்பிள் அளவுக்கு மீறி விளைந்து விற்காமல் கிடந்ததால், தோப்பை வேரோடு அழித்துவிடுபவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. தோப்பில் பாதி அம்மாளுக்கு, மீதிப் பாதி அவருடைய கணவரின் தம்பிக்கு. மருந்தடிக்கும் டிராக்டரும் அந்தக் கொழுந்தனுடையதுதான். அவர் விண்ணப்பத்தை நிரப்பித் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். இவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அடுத்த வருட அறுவடை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மரம் தேறாவிட்டால் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். பிறகு, தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தேறுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? தலைவர் புதிதாக வந்த ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் நான் அந்தத் தோப்புக்கு அடிக்கப் போனேன்.

அதைப் போலச் சுத்தமான தோப்பை நான் பார்த்ததில்லை. வரிசை நூல் பிடித்த மாதிரி. அடியில் ஒரு களை இல்லை. கிளையை அடித்தேன், புனலைத் தட்டினேன், அடுத்த மரத்துக்குப் போனேன். முழுச் சுற்றும் முடித்துச் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் காய்ந்த இலைத் துணுக்கும் கொஞ்சம் சிவப்புத் தூசியும். வேறொன்றும் இல்லை. ஒரு பொறிவண்டு இல்லை, ஓர் எறும்பு இல்லை. வேறு எந்தத் தோப்பில் அடித்தாலும் சீசாவுக்குள் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். இங்கே மயான அமைதி. எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. இவ்வளவு மருந்துக்குப் பிறகும் சிவப்புச் சிலந்தி மட்டும் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது?

இரண்டு வாரம் கழித்து, புதிய மருந்தும் அடித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ஜெர்மனியில் சொல்லாமல் போகக் கூடாது, அதிலும் திங்கட்கிழமை போகவே கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. திங்கள் அங்கே துணி துவைக்கும் நாள். ஊர் முழுக்க அன்றுதான் கொடியில் துணி தொங்கும். மற்ற நாளில் தொங்கினால் அந்த வீட்டுக்காரிக்கு வீட்டு நிர்வாகம் தெரியாது என்று அர்த்தம்.

அம்மாள் முழங்கைவரை ஈரத்தோடு பின்வாசலில் வந்து என்னைக் கண்டு திடுக்கிட்டார். "தோப்பு அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வீட்டின் பின்னால் ஒன்பது ஆப்பிள் மரங்கள் ஒரே வரிசையில் நின்றன. மரத்துக்கு மரம் கொடி கட்டிப் படுக்கை விரிப்புகள் தொங்கின. விரிப்புகளுக்கு மேலே இலைகள். நல்ல கரும்பச்சை இலைகள்.

"அது என்ன வரிசை?"

"அது தோப்பு இல்லை. வீட்டு மரம். அங்கே வேண்டாம்."

வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேதான் போகத் தோன்றும். சிறு வயதிலிருந்தே என் புத்தி அப்படி. ஈர விரிப்பு முகத்தில் அறைய, குனிந்து உள்ளே போய்விட்டேன். அம்மாள் பின்னாலேயே வந்தார். அவர் முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது, கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது வெட்கம்.

"ஒருமுறை என் கொழுந்தனார் அடித்த மருந்து விரிப்பில் பட்டு மஞ்சள் கறை ஆகிவிட்டது. என் கல்யாண விரிப்பு. அன்றிலிருந்து இந்த வரிசையில் அடிக்க நான் விடுவதில்லை" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு வருடமாக மருந்தே படாத மரங்கள். சோம்பேறிகள்தான் இப்படி விடுவார்கள். நிலையத்தில் எழுதிவிடாதீர்கள்."

மூன்று கோடைகளாகத் தோப்போடு மல்லுக்கட்டி, நிலையத்துக்கு இலை கொண்டுவந்தவர், இந்த வரிசையிலிருந்து மட்டும் ஓர் இலைகூடக் கொண்டுவரவில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்று பயம். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் போலவும் இருந்தது.

ஓர் இலையைப் பறித்துக் கைலென்ஸால் பார்த்தேன். நடு நரம்பை ஒட்டி வேறொரு சாதிச் சிலந்தி ஓடியது. வெளிறிய நிறம், துளி நீர் போன்ற உடம்பு. சிவப்புச் சிலந்தி சோம்பேறி, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். இது ஓடிக்கொண்டே இருந்தது. இன்னோர் இலையில் இன்னொன்று. அதன் வயிறு மட்டும் சிவந்திருந்தது. எதைத் தின்று சிவந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சிவப்புச் சிலந்தியைக் கவ்விக்கொண்டு நின்றது.

மருந்து அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. தோப்பில் இருந்த இந்தக் காவல்காரிகளை ஒன்றுவிடாமல் கொன்றுவிட்டது. சிவப்புச் சிலந்தி மட்டும் வருடத்துக்கு வருடம் மருந்துக்குப் பழகிக்கொண்டு, காவலில்லாத வீட்டில் சவுகரியமாகக் குடும்பம் நடத்துகிறது. புத்தகத்தில் இப்படி ஒன்று இருப்பதாகப் படித்திருந்தேன். என் கண்ணால் பார்த்தது அந்த விரிப்புகளுக்கு நடுவில்தான். இலைகளைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"சரி, மருந்தே வேண்டாம்னா என் வேலை என்ன ஆகும்? நான் நாகர்கோவிலுக்குப் போய் முறுக்கு விக்கவா?" என்றார்.

"போங்க. உங்க முறுக்கிலயாவது மருந்து இருக்காது."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாத்தையும் நிப்பாட்டிராதே, கேட்டியா. இங்கே பெய்யற மழைக்குச் சொறி வந்து பழமெல்லாம் வெடிச்சிரும். சொறிக்கான மருந்துல உன் காவல்காரியைக் கொல்லாத ரகம் ஒண்ணு உண்டு. அதை மட்டும் வச்சுக்கோ. பூச்சிமருந்தை விடு" என்றார். அந்த ரகம் எது என்று இரண்டு நாளில் பார்த்துச் சொன்னவரும் அவர்தான். மருந்து அளப்பவருக்கும் மருந்தை நிறுத்துபவளுக்கும் கல்யாணம் செய்துவைத்த எங்கள் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

நிலையத் தலைவர் என் பேச்சை முழுதும் கேட்டார். "ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு ஒரு தோப்பை முடிவு செய்கிறீர்கள். தவறினால் அந்தப் பெண்மணிக்கு அடுத்த வருடம் தோப்பே இருக்காது. அவர் சம்மதித்தால் செய்யுங்கள்" என்றார்.

அம்மாளிடம் போனேன். சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?"

"உறுதியாக" என்றேன். இன்று சொல்கிறேன், அன்று நான் பாதிதான் உறுதியாக இருந்தேன். மீதிப் பாதி என் திமிர்.

குளிர்காலம் முடியும் தறுவாயில், பிப்ரவரியில், வீட்டுப் பின்னால் இருந்த ஒன்பது மரங்களையும் கவாத்து செய்தோம். வெட்டிய குச்சிகளின் பட்டை இடுக்கில் காவல்காரிகள் குளிருக்குப் பதுங்கியிருக்கும். எப்போதும் வெட்டியதைக் குவித்து எரித்துவிடுவது அங்கே வழக்கம். நாங்கள் எரிக்கவில்லை. வெயில் வந்ததும் காவல்காரிகள் இறங்கிப் புது மரத்தில் குடியேறட்டும் என்று, குச்சிகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிப்போய்த் தோப்பில் ஒவ்வொரு மரத்திலும் கயிறு போட்டுக் கட்டினோம். ஐந்து நாள் வேலை. விரல் விறைத்துப்போனது. கொழுந்தனார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"இந்தியாவில் மரத்துக்கு மாலை போடுவீர்களோ?"

"போடுவோம். மரம் மனிதர்களைவிட மரியாதையாக நடந்துகொண்டால்" என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கயிறு கட்டினார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் பூத்தது. ஒரு தோப்பு முழுக்கப் பூத்து நிற்பதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, நான் பூவுக்குள்ளும் பூச்சியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சொறிக்கு மருந்து மட்டும் மழையைப் பார்த்து அடித்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை போய் இலை பறித்து எண்ணினேன். காவல்காரி அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. பெருகியது சிவப்புச் சிலந்திதான்.

ஜூன் நடுவில் முதல் இலை நிறம் மாறியது.

அன்று நான் பயந்த பயம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை. இரை பெருகினால்தான் அதைத் தின்பது பெருகும், கொஞ்சம் காலம் பிந்தித்தான் பெருகும், இதெல்லாம் நான் கல்லூரியில் கரும்பலகையில் கோடு போட்டு நடத்திய பாடம். கரும்பலகையில் கோடு தானாக இறங்கும். இங்கே இறங்காவிட்டால் ஒரு மனுஷியின் தோப்பு போகும். "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். கொழுந்தனாரும் அன்று இலையைப் பார்த்துவிட்டார். பூச்சிமருந்து கலந்து புதன்கிழமை காலை டிராக்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். தோப்பில் பாதி அவருடையது, தடுக்க அம்மாளுக்கு வழியில்லை. நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

புதன்கிழமை முதல் படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்திலிருந்து ஓடினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. டிராக்டருக்குக் குறுக்கே விழுந்து படுத்திருந்தாலும் படுத்திருப்பேன்.

வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். தோப்பு முழுக்க வெள்ளை.

வரிசைக்கு வரிசை, மரத்துக்கு மரம் கொடி கட்டித் துணி தொங்கியது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி, துண்டு, இறந்த கணவரின் சட்டைகள், உள்ளாடைகள்கூட. வீட்டில் இருந்த அத்தனை துணியையும், சுத்தமாக மடித்து அலமாரியில் வைத்திருந்ததையெல்லாம் எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டிருந்தார். அதுவும் புதன்கிழமை. மருந்தே அடிக்காத ஒன்பது மரங்களை ஊர் பார்த்துவிடுமோ என்று நாலு வருடம் ஒளித்து வைத்தவர், தன் உள்பாவாடையை ஊருக்கே தெரியும்படி தோப்பில் தொங்கவிட்டு, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டிராக்டர் தோப்பின் வாயிலில் உறுமிக்கொண்டு நின்றது. கொழுந்தனார் மேலே உட்கார்ந்திருந்தார். வேலி ஓரத்தில் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலைந்து பேர்.

"துணியை எடுங்கள்" என்றார் கொழுந்தனார்.

"ஈரமாக இருக்கிறது" என்றார் அம்மாள்.

"எப்போது காயும்?"

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "பத்து நாளில்" என்றேன்.

வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தனார் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வெள்ளைத் துணிமேல் மருந்தடிக்கிற ஆண் அந்த ஊரில் யாரும் இல்லை. அவரும் இல்லை. ஒருமுறை விரிப்பைக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு நினைவிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்து நாளும் துணி தொங்கியது. மழையில் நனைந்தது, மறுபடி காய்ந்தது, மறுபடி நனைந்தது. நான் தினமும் போனேன். விரிப்புகளை ஒதுக்கிக்கொண்டு இலை பறித்தேன். ஆறாம் நாள் எண்ணிக்கை அப்படியே நின்றது. எட்டாம் நாள் சிவப்புச் சிலந்தி குறைந்தது. தவறாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு பை இலை பறித்துவந்து மறுபடி எண்ணினேன். குறைந்துதான் இருந்தது. இலைக்கு இலை காவல்காரி ஓடியது, வயிறு சிவக்கச் சிவக்க ஓடியது. பதினோராம் நாள் அம்மாள் துணியை எடுத்து மறுபடி துவைத்தார். நான் கூட நின்று மடித்துக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

அறுவடை பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன். புழு விழுந்த பழம் கொஞ்சம் இருந்தது. சில மரங்களில் பழம் சிறுத்தும் போனது. கிழக்கு மூலையில் இரண்டு மரங்கள் பட்டைப்புண் வந்து செத்தன, அதற்கும் சிலந்திக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அக்டோபரில் மற்ற தோப்புகளில் இலை பழுத்து உதிரத் தொடங்கிய பிறகும் இந்தத் தோப்பு பச்சையாக நின்றது. காக்ஸ் ரக ஆப்பிள்கள் அதனதன் அளவில், சிவப்பும் மஞ்சளுமாக, பெட்டி பெட்டியாக ஏறின. வியாபாரி ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் முகத்தைச் சுளித்தவர் அவர்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், கொழுந்தனார் தனியாக நிலையத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மடித்த விண்ணப்பத்தைத் தலைவரின் மேஜையில் வைத்தார்.

"பழத்தைப் பார்த்தேன். ஒரு வருடம் யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம்" என்றார். "மரம் ஆரோக்கியமாக இருக்கிறது, இனியும் காய்க்கும் என்று நிலையம் எழுதிக் கொடுத்தால் இதை நான் கிழித்துவிடுகிறேன். இல்லையென்றால் அண்ணி வாக்குப்படி கையெழுத்துப் போடட்டும்."

நியாயமான பேச்சு. அவர்மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. தலைவர் நிலையத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். எழுதப் போகிறார் என்று பார்த்தால், தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"எண்ணியவர் எழுதட்டும்" என்றார்.

நான் உதவியாள். அந்த நிலையத்தில் என் பெயரில் அதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூட வெளியே போனதில்லை. எழுதினேன். எந்த நாள் என்ன எண்ணினேன், என்ன குறைந்தது, என்ன பெருகியது, எந்த மருந்தை அடிக்கலாம், எதை இனி அந்தத் தோப்புக்குள் கொண்டுவரவே கூடாது என்று, ஜெர்மன் இலக்கணம் தப்பாமல், ஒன்றரைப் பக்கம். கடைசியில் இந்த மரங்கள் ஆரோக்கியமானவை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் தமிழில்தான். பாஸ்போர்ட்டிலும் அதுதான், கல்யாணப் பதிவேட்டிலும் அதுதான். வேறு மாதிரிப் போட எனக்குத் தெரியாது.

கொழுந்தனார் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். கீழே வந்ததும் நின்றார்.

"இது உங்கள் பெயரா?"

"ஆமாம்."

"எப்படிச் சொல்ல வேண்டும்?"

சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கு நான் அந்த இந்தியப் பெண். அவர் என் பெயரை மெதுவாக முழுதாகச் சொல்லிப் பார்த்தார். ஓர் இடத்தில் தடுக்கியது, மறுபடி சொன்னார். என் கணவர் பின்னாளில் டாக்டர் பட்டம் வாங்கியபோது அரங்கில் உட்கார்ந்து கை தட்டினேன். அப்போதுகூட எனக்குக் கொஞ்சமும் பொறாமை வரவில்லை. நான் வாங்க வேண்டியதை அந்த அறையில் வாங்கிவிட்டேன் என்பது காரணமாக இருக்கலாம். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துத் தலைவரின் குப்பைக்கூடையில் போட்டார். நான் எழுதிய தாளை மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தலைவரின் மேஜையைத் தாண்டி என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"கிழக்கு மூலையில் இரண்டு மரம் செத்துவிட்டது" என்றார். "அந்த இடத்தில் என்ன கன்று வைக்கலாம்?"

பட்டைப்புண் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காத ரகம் ஒன்று சொன்னேன். பேனாவைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.